கடைக்குப் போகுமுன் பெட்டியைத் திறங்கள்: யுஎஸ்பி கார்டு வாங்குவோர் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரின் தோ பாயோவில் இருக்கும் என் மாமா, ஓய்வு பெற்ற பிறகு நாற்பது வருடக் குடும்பப் படங்களைக் கணினியில் ஏற்றும் வேலையை எடுத்துக்கொண்டார். ஸ்கேனர், பிரிண்டர், இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க், கேமரா, விசைப்பலகை, மவுஸ் எல்லாம் வந்து சேர்ந்தன. கணினியோ ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துக் கட்டப்பட்டு மறுவிற்பனைக்கு வந்த ஒல்லிப் பெட்டி. பின்னால் நான்கே யுஎஸ்பி போர்ட். ஒன்றைச் செருக இன்னொன்றைப் பிடுங்க வேண்டும். ஒரு சனிக்கிழமை கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குப் போய், பெட்டிக்குள் பொருத்தினால் கூடுதல் போர்ட் தரும் யுஎஸ்பி கார்டு, ஏழு போர்ட் உள்ளது ஒன்றை வாங்கிவந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “பத்து நிமிட வேலைதான் மாப்பிள்ளை, சாப்பிட்டுவிட்டே போகலாம்.”

சாப்பிட்டேன். வேலை முடிய இரண்டு வாரம் ஆனது. இடையில் அந்தக் கடைக்காக இன்னும் இரண்டு முறை ரோச்சோர் எம்ஆர்டி நிலையத்தில் இறங்க வேண்டியிருந்தது. கார்டில் எந்தக் குறையும் இல்லை. பெட்டியைத் திறந்து பார்க்காமல் வாங்கியதுதான் குறை. இந்த வேலையில் நான் பார்த்த தவறுகள் பெரும்பாலும் திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகின்றன.

முதலில் உயரம். கார்டின் ஓரத்தில் இருக்கும் உலோகத் தகடு சுமார் 12 சென்டிமீட்டர் நீளம். சாதாரணப் பெட்டிக்கு அதுதான் சரி. ஒல்லிப் பெட்டிக்கு ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் தகடு வேண்டும். சில கார்டுகளின் உறைக்குள் குட்டைத் தகடும் இருக்கும்; இரண்டு சிறு திருகாணிகளைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். மாமாவின் கார்டில் அது இல்லை. ஏழு போர்ட்டில் ஐந்து, தகட்டின் முழு நீளத்துக்கும் வரிசையாக நின்றன, அதனால் தகட்டை வெட்டவும் வழியில்லை. கடைக்காரர் பெட்டி எது என்று கேட்கவில்லை, மாமாவும் சொல்லவில்லை. நான்கு போர்ட் கார்டாக மாற்றிக்கொண்டு வந்தோம்.

அடுத்தது ஸ்லாட், அதாவது மதர்போர்டு எனும் முதன்மைப் பலகையில் கார்டைச் செருகும் இடம். பழைய பிசிஐ ஸ்லாட்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டும் வேறுவேறு. பெயரில் பாதி ஒன்றாக இருப்பதால் ஏமாறுகிறவர்கள் இன்றும் உண்டு. பெரும்பாலான யுஎஸ்பி கார்டுகள் எக்ஸ்1 எனப்படும் மிகச் சிறிய பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுக்கு உரியவை. அந்த ஸ்லாட் இரண்டரை சென்டிமீட்டர்தான் இருக்கும். அது இல்லையென்றால் நீளமான எக்ஸ்16 ஸ்லாட்டிலும் எக்ஸ்1 கார்டைத் தாராளமாகச் செருகலாம், வேலை செய்யும். “பொருந்தவில்லை” என்று திருப்பிக் கொடுக்கப்பட்ட கார்டுகளில் சில இந்த ஒரு செய்தி தெரியாததால் திரும்பியவை. பெட்டிக்குள் ஸ்லாட் காலியாகத் தெரிந்தாலும், பக்கத்து கிராபிக்ஸ் கார்டின் விசிறி அதன்மேல் படுத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லோரும் கண்டுகொள்ளாமல் விடுவது மின்சாரத்தை. பழைய 2.0ஐவிட வேகமான யுஎஸ்பி 3.0 போர்ட் ஒவ்வொன்றும் 5 வோல்ட்டில் 900 மில்லி ஆம்பியர், அதாவது 4.5 வாட் தர வேண்டும். நான்கு போர்ட்டுக்கு 18 வாட், ஏழுக்கு 31.5 வாட். எக்ஸ்1 கார்டு தொடக்கத்தில் ஸ்லாட்டிலிருந்து 10 வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது விதி. மிச்சம் எங்கிருந்து வரும்? அதற்காகத்தான் கார்டின் மூலையில் சாட்டா வகை (உள் ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் தட்டை இணைப்பு) அல்லது நான்கு முனை மின் இணைப்பு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதை விருப்பம்போல் விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். மவுஸும் விசைப்பலகையும் அது இல்லாமலும் ஓடும், “எல்லாம் சரி” என்று பெட்டியை மூடிவிடுவோம். பிறகு வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் உள்ளே தட்டு சுழல முயன்று ‘டிக்... டிக்...’ என்று விட்டுவிட்டுச் சத்தம் வரும்; திரையில் டிஸ்க் தோன்றும், மறையும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று பதறுவோம். மாமாவும் பதறினார், அத்தையின் கல்யாணப் படங்கள் அதில்தான் இருந்தன. உண்மையில் அதற்குப் பசி, அவ்வளவுதான்.

மின் இணைப்பைக் கொடுக்கலாம் என்று பார்த்தால், அலுவலக ஒல்லிப் பெட்டிகளின் பவர் சப்ளையில் உதிரி இணைப்பு பெரும்பாலும் இருக்காது. அப்போது ஒரு சாட்டா இணைப்பை இரண்டாகப் பிரிக்கும் கம்பி வாங்குகிறோம். இங்கே மலிவைத் தேடாதீர்கள். நான்கு முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கம்பிகளில், முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக்கை உருக்கி ஒரே கட்டியாக வார்த்த வகை ஒன்று உண்டு. உள்ளே கம்பிகள் நெருங்கி உரசிக் குறுக்கு மின்னோட்டம் ஏற்பட்டு உருகிப் போன கதைகள் கணினி பழுது பார்ப்பவர்களிடம் ஏராளம். கம்பி ஒவ்வொன்றும் தனித்தனியாக முனைக்குள் செருகப்பட்டிருப்பது கண்ணுக்குத் தெரியும் வகையை வாங்குங்கள். இரண்டு மூன்று வெள்ளி கூடினால் கூடட்டும்.

வேகக் கணக்கிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. போர்ட் நான்கு என்பதால் வழியும் நான்கு ஆகிவிடாது; எல்லாம் ஒரே எக்ஸ்1 பாதையில்தான் மதர்போர்டுக்குள் நுழைகின்றன. வீட்டு வாசல் ஒன்றாக இருக்க, உள்ளே அறைகளைக் கூட்டியதைப் போல. பிசிஐ எக்ஸ்பிரஸ் இரண்டாம் தலைமுறையில் அந்தப் பாதை நொடிக்கு 500 மெகாபைட், மூன்றாம் தலைமுறையில் ஏறத்தாழ 985. எனவே 10 கிகாபிட் (எட்டு பிட் ஒரு பைட், ஆக நொடிக்கு 1,250 மெகாபைட்) என்று உறையில் கொட்டை எழுத்தில் போட்ட கார்டை இரண்டாம் தலைமுறை எக்ஸ்1 ஸ்லாட்டில் செருகினால் அதில் பாதி வேகம்கூட வராது. சுழலும் ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவருக்கு இதனால் நட்டமில்லை, அதன் வேகமே குறைவு. சுழலும் தட்டு இல்லாத, வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கியவர்தான் நான்கு பாதை கொண்ட எக்ஸ்4 கார்டைத் தேட வேண்டும். உறையில் இருக்கும் பெயர்களை மட்டும் நம்பாதீர்கள்: யுஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூன்றும் ஒரே 5 கிகாபிட்தான். பெயர் சூட்டியவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

இவ்வளவுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கார்டு உங்களுக்குத் தேவைதானா? முன்பக்க போர்ட் இல்லாத பெட்டிகளில், மதர்போர்டில் 19 ஊசிகள் கொண்ட யுஎஸ்பி 3.0 இணைப்பு ஒன்று சும்மாவே கிடக்கலாம். ஒரு கம்பியும் தகடும் வாங்கினால் இரண்டு போர்ட் வெளியே வந்துவிடும், ஸ்லாட் செலவாகாது. விசைப்பலகை, பிரிண்டர் போன்றவற்றுக்குத் ஒரு போர்ட்டைப் பலவாக்கும், தனி அடாப்டருடன் வரும் யுஎஸ்பி ஹப்பே போதும். அந்த அடாப்டரில் சிங்கப்பூரின் பாதுகாப்புச் சின்னம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது 230 வோல்ட் சுவரில் நாள் முழுதும் செருகிக் கிடக்கப் போகும் பொருள்.

பொருத்தும் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கணினியின் பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். பெட்டியின் வண்ணம் பூசாத உலோகத்தை ஒரு முறை தொட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் நிலைமின்சாரம் குறைவுதான், ஆனாலும் குளிர்சாதன அறையில் அந்த நம்பிக்கை வேண்டாம். கார்டைச் செருகியதும் தகட்டின் திருகாணியை மறக்காமல் முடுக்குங்கள். முடுக்காத கார்டு, கம்பியைப் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக மேலெழும்பும்.

விண்டோஸ் 8 முதல் யுஎஸ்பி 3.0 ஆதரவு உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 7 வைத்திருப்பவர் கார்டு நிறுவனத்தின் டிரைவர் மென்பொருளை முதலில் தேடிக்கொள்ள வேண்டும். விசைப்பலகையைக் கார்டில் மாட்டாமல் பழைய போர்ட்டிலேயே விடுங்கள். விண்டோஸ் எழும்புவதற்கு முன் வரும் பயாஸ் எனும் தொடக்க அமைப்புத் திரையில் சில கணினிகள் கார்டின் போர்ட்டைக் கண்டுகொள்ளாது.

மாமாவின் கடைசிப் புகார் வேறு மாதிரி. கார்டு பொருத்தியதிலிருந்து கம்பியில்லா மவுஸ் திக்கித் திக்கி நகர்கிறது என்றார். மவுஸின் சிறு ஏற்பியை அவர் கார்டிலேயே, ஹார்ட் டிஸ்க் கம்பிக்குப் பக்கத்தில் செருகியிருந்தார். யுஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழும் என்பதை இன்டெல் 2012இலேயே எழுதி வைத்திருக்கிறது. அந்த அலைவரிசையில்தான் மவுஸும் பேசுகிறது. ஏற்பியைப் பிடுங்கி முன்பக்க யுஎஸ்பி 2.0 போர்ட்டில் வைத்தேன். மாமா மவுஸை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் அடுத்த படத்தை ஸ்கேனரில் கவிழ்த்தார்.