தீபாவளிக்கு வண்ணக் கடலை மிட்டாய்: எங்கே தவறுகிறோம்?

கோவில்பட்டிக் கடலை மிட்டாயைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? பழுப்புப் பளபளப்பின் மேல் ரோஸ், பச்சை, மஞ்சள் என்று தேங்காய்த் துருவல் மெல்லிசாகச் சிதறிக் கிடக்கும். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மிட்டாயில் கடலையும் வெல்லமும்தான் முக்கியச் சரக்கு. நிறம் மேலே தூவியது மட்டும். பண்டிகைக்கு வண்ண வண்ணமாக மிட்டாய் செய்து சொந்தபந்தங்களுக்குக் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

நான் கவனிக்கவில்லை. ஒரு தீபாவளிக்கு, கொதிக்கும் வெல்லப் பாகில் பச்சை நிறத் திரவத்தை ஊற்றினேன். பச்சை வரவில்லை, சேற்று நிறம் வந்தது. போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றினேன், கறுத்துவிட்டது. அந்தத் திரவத்தில் இருந்த தண்ணீர் பாகின் பதத்தையும் இளக்கிவிட்டது. துண்டுகள் உடையவில்லை, பல்லில் ஒட்டிக்கொண்டன. வெல்லத்தின் பழுப்பு எந்த நிறத்தையும் விழுங்கிவிடும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். வெல்லப் பாகைத் தனியாக விட்டுவிட்டு நிறத்தை மேலே தூவுங்கள்.

மேலே தூவத் தேங்காய் எடுக்கும்போது பலர் செய்யும் தவறு, பச்சைத் தேங்காயைத் துருவிப் போடுவது. அதன் ஈரம் மிட்டாயை நமுத்துப்போக வைக்கும், சில நாளில் சிக்கு வாடையும் வரும். நன்கு காய்ந்த கொப்பரையை மெல்லிசாகத் துருவிக்கொள்ளுங்கள். ரோஸ் நிறத்துக்குக் கெட்டியான பீட்ரூட் சாறு, மஞ்சளுக்கு ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் கரைத்த தண்ணீர். துருவலில் பிசிறி, தட்டில் பரப்பி, நிழலில் மின்விசிறிக் காற்றில் மொறுமொறுவென்று காயவிடுங்கள். இதை முந்தின நாளே செய்துவிட வேண்டும். பச்சைக்கு நான் சாயமே தேடுவதில்லை. ஒன்றிரண்டாக நறுக்கிய பிஸ்தாவும் பூசணி விதையும் போதும். காய்ந்த பன்னீர் ரோஜா இதழ், வறுத்த வெள்ளை எள், கறுப்பு எள் என்று நிறமுள்ள பொருட்கள் நம் வீட்டிலேயே எத்தனை இருக்கின்றன!

இயற்கை நிறங்களுக்கு ஒரு குணம் உண்டு. எலுமிச்சை போன்ற புளிப்போ, சோடா போன்ற காரப்பொருளோ பட்டால் மாறிவிடும். மிட்டாய் மொறுமொறுப்பாக வர வேண்டும் என்று பாகில் ஆப்ப சோடா போடுகிறவர்கள் அதில் மஞ்சள்தூளும் சேர்த்தால் நிறம் செம்மைக்குத் திரும்பும். சங்குப்பூவின் நீலம் எலுமிச்சைச் சாறு பட்டதும் ஊதாவாகும். பீட்ரூட் சூட்டைத் தாங்காது, கொதிக்கும் பாகில் விட்டால் மங்கிப் பழுப்பாகிவிடும். இதற்கும் அதே வழிதான்: கடைசியில், மேலே.

கண்ணாடி போல நிறம் தெரியும் மிட்டாய்தான் வேண்டும் என்றால் வெள்ளைச் சர்க்கரையில் செய்யுங்கள். வெப்பமானி இருந்தால் நல்லது. சர்க்கரைப் பாகு 150 டிகிரி செல்சியஸ் அளவில் தெளிவாக இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். 160-ஐத் தாண்டினால் பாகு மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். அதில் நீலம் விட்டால் பச்சையாகத்தான் தெரியும். நிறத்தை எப்போது சேர்ப்பது என்பதும் முக்கியம். 125, 130 டிகிரி வரும்போதே ஓரிரு சொட்டு விட்டுவிட்டால் கொதியே அதைக் கலந்துவிடும், சொட்டில் உள்ள தண்ணீரும் ஆவியாகிவிடும். இறக்கிய பிறகு விட்டால் தண்ணீர் உள்ளே தங்கும்.

சர்க்கரைப் பாகைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருப்பது இன்னொரு தவறு. சர்க்கரை கரையும் வரைதான் கிண்டலாம். கொதி வந்த பிறகு கிண்டினாலோ, பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரைத் துகள் உள்ளே விழுந்தாலோ, அதைப் பிடித்துக்கொண்டு பாகு முழுவதும் பூத்து மணல் மாதிரி ஆகிவிடும். ஒரு கப் சர்க்கரைக்கு அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு ஆரம்பத்திலேயே விட்டால் இது பெருமளவு தவிரும். ஓரங்களை ஈரமான பிரஷ்ஷால் துடைத்துவிடுவதும் உதவும்.

சாயம் வாங்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தது நினைவிருக்கும். துணிக்குப் போடும் ரோடமின் பி என்ற சாயம் அதில் இருந்ததுதான் காரணம். பார்க்க அழகான ரோஸ் நிறம்தான் அதுவும். ஆகவே பொட்டலத்தில் மடித்துத் தரும் பெயரில்லாத கலர்ப் பொடி வேண்டவே வேண்டாம். இந்தியாவில் உணவுக்கு அனுமதி பெற்ற செயற்கை நிறங்கள் 8 மட்டுமே. உறையில் நிறத்தின் பெயரும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். நாம் கொடுக்கும் டப்பாவை முதலில் திறப்பது குழந்தைகள்தான்.

சரி, பாகுக்கு வருவோம். கடலை மிட்டாயின் உயிர் அதில்தான் இருக்கிறது. 200 கிராம் வறுத்த கடலைக்கு 150 கிராம் வெல்லம் எனக்குச் சரியாக வருகிறது. வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டிய பிறகே காய்ச்ச வேண்டும். வடிகட்டாமல் விட்டால் முதல் கடியிலேயே மண் நறநறக்கும். பளிச்சென்ற வெளிர் மஞ்சள் வெல்லம் வேண்டாம், ரசாயனம் போட்டு வெளுத்ததாக இருக்கலாம். கருத்த வெல்லத்தில் மணமும் கூடுதல்.

பலரும் உருட்டுப் பதத்தில் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். தண்ணீரில் விட்ட பாகு கையில் உருண்டு வருகிறதே, போதும் என்று தோன்றும். அது பொரி உருண்டைக்குச் சரி. தகடாக உடைய வேண்டிய மிட்டாய்க்குப் போதாது. ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, எடுத்து, தட்டில் போட்டால் ‘டங்’கென்று சத்தம் வர வேண்டும். விரலால் வளைத்தால் வளையாமல் படக்கென்று முறிய வேண்டும். அதுதான் பதம், கிட்டத்தட்ட 145 டிகிரி. ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும் அடுப்பைச் சுத்தமாகக் குறைத்துவிடுங்கள். நீங்கள் தண்ணீரில் துழாவிக்கொண்டிருக்கும் அரை நிமிடத்தில் பாகு கருகிக் கசந்துவிடும். வெல்லம் சர்க்கரையைவிடச் சீக்கிரம் கருகும்.

வெப்பமானியை அப்படியே நம்புவதும் தவறு. கொதிக்கும் தண்ணீரில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். சென்னையில் 100 காட்ட வேண்டும். 97 காட்டினால் பாகின் கணக்கிலும் அந்த 3 டிகிரியைக் கழித்துக்கொள்ளுங்கள். ஊட்டி போன்ற உயரத்தில் தண்ணீரே 93 டிகிரிக்குள் கொதித்துவிடும், ஆகவே அங்கே பாகையும் 7 டிகிரி முன்னதாக இறக்க வேண்டும். தட்டில் வரும் ‘டங்’ சத்தத்துக்கு மலையும் சமவெளியும் ஒன்றுதான்.

கடலையில் இரண்டு விஷயம். சுருங்கிய, கறுத்த, பூஞ்சை வாடை அடிக்கும் கடலையை ஒன்றுவிடாமல் பொறுக்கி எறியுங்கள். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. அப்புறம், ஆறிப்போன கடலையைப் பாகில் கொட்டாதீர்கள். சூடான பாகு சட்டென்று இறுகி, கிளறுவதற்குள் கட்டியாகிவிடும். வறுத்து, தோல் நீக்கி, கை பொறுக்கும் சூட்டில் வைத்திருங்கள்.

கொட்டுவதற்கு முன்பே பலகையிலும் பூரிக்கட்டையிலும் நெய் தடவி, கொப்பரைத் துருவலைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கொட்டி, பரப்பி, மேலே தூவி, கட்டையால் ஒருமுறை அழுத்தி உருட்டினால் நிறம் ஒட்டிக்கொள்ளும். ஒரு நிமிடம் தாமதித்தால் ஒட்டாது, உதிர்ந்துவிடும். சூடாக இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டு வையுங்கள். இந்த நேரத்தில் குழந்தைகள் அடுப்படியில் இருக்கக் கூடாது. பாகு தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். பற்பசையும் மாவும் தடவக் கூடாது.

இவ்வளவும் சரியாகச் செய்து கடைசியில் கோட்டை விடுவது டப்பாவில்தான். நம் தீபாவளி வடகிழக்குப் பருவமழையோடு வருகிறது. சர்க்கரைப் பாகு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ராத்திரி முழுக்கத் தட்டில் திறந்து வைத்தால் காலையில் பிசுபிசுக்கும். நன்றாக ஆறியதும், அன்றே, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்க்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் வெளியே எடுத்ததும் வேர்த்து நிறம் வழியும். அடுக்குகளுக்கு நடுவில் பட்டர் பேப்பர் போடுங்கள், செய்தித்தாள் வேண்டாம், அதன் மை உணவில் ஏறும்.

நான் வெகுநாள் அறியாமல் செய்த தவறு ஒன்று உண்டு: ஒரே டப்பாவில் லட்டு, அதிரசத்தோடு கடலை மிட்டாயையும் வைத்துக் கொடுத்தது. அவற்றின் ஈரத்தை மிட்டாய் குடித்துவிட்டு இரண்டே நாளில் தொய்ந்துவிடும். மிட்டாய்க்கென்று தனியாகச் சின்ன டப்பா போடுங்கள். மூடியில் செய்த தேதியையும் ‘வேர்க்கடலை, எள், பிஸ்தா சேர்ந்தது’ என்பதையும் எழுதி ஒட்டுங்கள். கடலை ஒவ்வாத பிள்ளை யார் வீட்டில் இருக்கிறது என்று கொடுக்கிற நமக்குத் தெரியாது.