சிப்பிக் கருக்களும் பூச்சிக்கொல்லிகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடல்நீரில் பூச்சிக்கொல்லி கலந்திருந்தும் அங்குள்ள சிப்பிகள் உயிரோடுதான் இருக்கின்றன என்பதை வைத்துப் பாதிப்பே இல்லை என்று முடிவுகட்டுவதுதான் சிப்பிக் கருக்கள் பற்றிய ஆய்வில் மிகப் பெரிய தவறு. வளர்ந்த சிப்பி, ஒவ்வாத நீர் வந்தால் ஓடுகளை இறுக மூடிக்கொண்டு சில காலம் தாக்குப்பிடிக்கும். நீரிலேயே கருவுறும் முட்டைக்கோ மூடிக்கொள்ள ஓடே கிடையாது. பசிபிக் சிப்பியின் கரு, ஏறத்தாழ 24 மணி நேரத்துக்குள் 'டி' என்ற ஆங்கில எழுத்தின் வடிவிலான முதல் ஓட்டை உருவாக்கிவிட வேண்டும். அந்த ஒரு நாளில் நேரும் கோளாறு நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும்: இரு ஓடுகளும் இணையும், நேர்கோடாக இருக்க வேண்டிய கீல் வளைந்திருக்கும், ஓட்டின் விளிம்பு உள்வாங்கியிருக்கும், அல்லது உள்ளிருக்க வேண்டிய மென்தசை வெளியே பிதுங்கி நிற்கும். அத்தகைய லார்வாவும், அதாவது இளம் சிப்பியும், நீந்தக்கூடும் என்பதால், உயிருள்ளவற்றை மட்டும் எண்ணுபவர் அதையும் நலமானவற்றோடு சேர்த்துவிடுவார்.

பூச்சிக்கொல்லி என்றால் வயலில் தெளிப்பது மட்டுமே என்று கருதுவதும் தவறு. 1970களின் பிற்பகுதியில் பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பிக் குஞ்சுகள் கிடைப்பது அடியோடு குன்றியதற்குக் காரணம், படகுகளின் அடிப்பாகத்தில் பாசியும் கொட்டலசும் ஒட்டாதிருக்கப் பூசிய வண்ணப்பூச்சில் இருந்த டிரைபியூட்டைல்டின் என்ற நச்சுப்பொருள். 25 மீட்டருக்குக் குறைவான படகுகளில் அதைப் பூசுவதை பிரான்ஸ் 1982இல் தடைசெய்தது.

தூய வேதிப்பொருளை மட்டும் சோதித்துவிட்டு, கடையில் விற்கும் மருந்துக்கும் அதே முடிவைப் பொருத்துவது இன்னொரு பிழை. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தனியாகக் கொடுப்பதைவிட, துணைப்பொருள்கள் சேர்ந்த அதன் வணிகக் கலவையைக் கொடுக்கும்போது சிப்பிக் கருக்கள் மிகக் குறைந்த செறிவிலேயே உருக்குலைகின்றன.

ஆய்வுக்கூடத்தில் நேரும் பிழைகளும் உண்டு. பைரெத்ராய்டு வகைப் பூச்சிமருந்துகள் கலனின் சுவரில் ஒட்டிக்கொள்வதால், ஊற்றிய அளவையே நீரில் இருக்கும் அளவாக எழுதிவைக்காமல் நீரை அளந்து பார்க்க வேண்டும். மருந்தை அசிட்டோனில் கரைத்திருந்தால், அசிட்டோன் மட்டும் கலந்த நீரிலும் கருக்களை வளர்த்து ஒப்பிட வேண்டும். மருந்தே கலக்காத நீரில் வளர்ந்தவற்றிலும் குறைபாடு மிகுந்திருந்தால், அந்த முட்டைத் தொகுதியைக் கொண்டு எதையும் சொல்லாமலிருப்பதே நேர்மை.

சோதனையை முட்டையிலிருந்து தொடங்குவதே சிலவேளை தாமதமான தொடக்கம்தான். இனப்பெருக்க அணுக்கள் முதிரும் காலத்தில் டையூரான் என்ற களைக்கொல்லி கலந்த நீரில் இருந்த தாய் தந்தைச் சிப்பிகளின் குஞ்சுகளில், அவை தூய நீரில் வளர்ந்தபோதும், மரபணுச் சேதமும் வளர்ச்சிக் குறைபாடுகளும் பதிவாகியுள்ளன.