ஜனவரியில் நின்ற ஓவர்கிளாக் மே மாதம் விழுவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் பக்கத்து பிளாக்கில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி இருக்கிறான். நேரு பிளேஸ் கணினிச் சந்தையில் ஒவ்வொரு பாகமாக விசாரித்து வாங்கி, ஐ5 9600கே பிராசஸர் போட்டு டெஸ்க்டாப் சேர்த்தவன். ஜனவரியில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்து அதை 5.0 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினான். தயாரிப்பாளர் வைத்த வேகத்துக்கு மேல் இப்படி ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். ஒரு மணி நேரம் சோதித்தான், ஒன்றும் ஆகவில்லை. மே பிறந்ததும் தினமும் இரண்டு மூன்று முறை விண்டோஸ் விழுந்து நீலத்திரை. "அண்ணா, பிராசஸர் போயிடுச்சா?" என்று வந்து நின்றான்.

போகவில்லை. ஜனவரி இரவில் அவன் அறை 14 டிகிரி, முழு வேலையில் பிராசஸர் 72. இடைவெளி 58. பிராசஸர் மேல் இருக்கும் கூலர் அறையின் சூட்டைக் குறைக்காது. அதற்கு மேல் எத்தனை டிகிரி ஏறலாம் என்பதைத்தான் கட்டுப்படுத்தும். மே மாதப் பிற்பகலில் அறையே 37 என்றால் அதே செட்டிங்கில் பிராசஸர் 95ஐத் தொடும். 100ல் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சரி. ஆனால் அதற்கு வெகு முன்பே, சூடு ஏற ஏற, அதே வேகத்தில் பிழையில்லாமல் ஓட அதற்கு அதிக வோல்டேஜ் தேவைப்படும். டெல்லியில் குளிர்காலச் சோதனையை நம்பி வருஷம் முழுக்க ஓட்டுவதுதான் முதல் தவறு. கேஸைத் திறந்தால் ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே கம்பளி மாதிரி தூசி வேறு. ஒரு ஆந்தி, அதாவது புழுதிப் புயல், அடித்து ஓய்ந்தால் இங்கே எந்த ஜன்னலும் காப்பாற்றாது.

அவன் செய்த அடுத்த காரியம்தான் பெரும்பாலோர் செய்வது. விழும்போதெல்லாம் வோல்டேஜை ஏற்றினான். 1.28 வோல்ட்டில் தொடங்கி 1.36 வரை போயிருந்தான். பார்க்க ரொம்பச் சின்ன வித்தியாசம். ஆனால் சில்லு இழுக்கும் மின்திறன் (வாட்) வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறுகிறது, அந்த 0.08க்குக் கிட்டத்தட்ட 13 சதவீதம் கூடுதல் சூடு. சூட்டால் விழுகிற மெஷினுக்கு இன்னும் சூடு ஏற்றினால் எப்படி நிற்கும்? இப்படிப்பட்ட நேரத்தில் முதலில் 100 மெகாஹெர்ட்ஸ் இறக்கிப் பாருங்கள். வோல்டேஜை ஆட்டோவில் விட்டுவிட்டு மல்டிபிளையரை (வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கு எண்) மட்டும் ஏற்றாதீர்கள். பல மதர்போர்டுகள் தேவைக்கு மேல் தாராளமாகக் கொடுத்துவிடும். லோடு லைன் காலிப்ரேஷனை, அதாவது வேலை கூடும்போது வோல்டேஜ் சரியாமல் தாங்கும் செட்டிங்கை, உச்சத்தில் வைப்பதும் வேண்டாம். வேலை சட்டென்று நிற்கும்போது வோல்டேஜ் ஒரு கணம் துள்ளும். நடு நிலை போதும்.

மெமரியை மறப்பதுதான் என்னை அதிகம் வருத்துகிற தவறு, ஏனென்றால் அதில் நாள் கணக்கில் நேரம் போகிறது. எக்ஸ்எம்பி, அதாவது மெமரியை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் செட்டிங், போடுவதும் ஓவர்கிளாக்தான். அந்த 9600கே அதிகாரபூர்வமாக ஏற்பது டிடிஆர்4 2666. அவன் ஓட்டியது 3200. விழுவது மெமரியா பிராசஸரா என்று எப்படித் தெரியும்? பிராசஸரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, எக்ஸ்எம்பியோடு மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். அது தேறிய பிறகு எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு பிராசஸரை மட்டும் ஏற்றிச் சோதியுங்கள். இரண்டும் தனித்தனியே தேறினால்தான் சேர்த்து ஓட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் "கர்னல் பவர் 41" என்று பார்த்ததும் பவர் சப்ளை மேல் பழி போடுகிறார்கள். மெஷின் முறையாக அணையவில்லை என்பதற்கு மேல் அந்த வரி எதுவும் சொல்வதில்லை. அங்கே தேட வேண்டியது டபிள்யூஎச்இஏ லாகர், அதாவது வன்பொருள் பிழைகளைக் குறிக்கும் பதிவு. அதில் 19ஆம் எண் வந்தால், பிழை நடந்து திருத்தப்பட்டது என்று பொருள். நீலத்திரைக்கு முன்பே கிடைக்கும் எச்சரிக்கை அது.

பிராசஸரை வாட்டும் பிரைம்95 சோதனையில் தேறினாலும் சும்மா பாட்டு கேட்கும்போது விழுகிற மெஷின்கள் உண்டு. ஏஎம்டியின் ரைசன் பிராசஸரில் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரை அதிகமாகக் கீழே இறக்கியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். பிராசஸருக்குள் தனித்தனியே வேலை செய்யும் எல்லாக் கோரையும் சேர்த்து வதைக்கும் சோதனையில் அது பிடிபடாது. கோர்சைக்கிளர் மென்பொருள் போல ஒவ்வொரு கோராகச் சோதிக்க வேண்டும். 13, 14ஆம் தலைமுறை இன்டெல் என்றால் முதலில் பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பியுங்கள். ஓவர்கிளாக்கே செய்யாத மெஷின்களிலும் வந்த கோளாறுக்கு 2024ல் மைக்ரோகோட் (பிராசஸரின் உள் நிரல்) திருத்தங்கள் பயாஸ் வழியாக வெளியாகின.

அப்புறம், மெஷின் ஆடிக்கொண்டிருக்கும்போது விண்டோஸைத் திரும்பப் போடாதீர்கள். தவறாகக் கணக்கிடுகிற சில்லு கோப்புகளையும் தவறாகவே எழுதும். முக்கியமானதை முன்பே வேறு டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டு, எல்லாவற்றையும் பழைய செட்டிங்குக்குக் கொண்டுவந்த பிறகே விண்டோஸில் கை வையுங்கள்.

தம்பியின் மெஷினில் தூசி தட்டி, கூலருக்கும் பிராசஸருக்கும் நடுவே பூசும் பேஸ்டை மாற்றி, 4.8 கிகாஹெர்ட்ஸ், 1.25 வோல்ட்டில் நிறுத்தினோம். மத்தியானம் மூன்று மணிக்கு, ஜன்னலில் ஓடிய ஏர் கூலரையும் அணைத்துவிட்டுச் சோதித்தோம். இரண்டு பேருக்கும் சட்டை நனைந்தது. மெஷின் 84 டிகிரியில் நின்றது.