ஆகஸ்ட் 6-க்கு ஜனவரியிலேயே கிளம்புங்கள்: ஜமைக்கா சுதந்திர நாளுக்கு ஆல்பனியில் ஒரு தீர்மானம்

ஆல்பனியில் கூடும் நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் ஜமைக்காவின் சுதந்திர நாளைப் போற்றி ஒரு பாராட்டுத் தீர்மானம் போட வேண்டும் என்று கேட்க, முதல் வருடம் நாங்கள் ஜூலையில் போய் நின்றோம். அந்த நாள் ஆகஸ்ட் 6. ஒரு மாதம் முன்னால் கேட்டால் போதும் என்று நினைத்திருந்தோம். தொகுதி அலுவலகத்தில் இருந்த பையன் மரியாதையாகத்தான் சொன்னான்: சட்டமன்றம் ஜூனிலேயே கலைந்துவிட்டது, இனி ஜனவரியில்தான் கூடும். என்னோடு வந்த ஆன்ட்டி ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து, "சரி, அடுத்த வருடம்" என்றார். அவருக்கு அப்போது எழுபத்தொன்பது வயது. எழுபத்தொன்பது வயதுக்காரரை அடுத்த வருடம் வரை காக்க வைத்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது நியூயார்க்கில், பிராங்ஸின் வட கோடியில், வேக்ஃபீல்டில். இரண்டாம் எண் ரயில் 241-ஆம் தெருவில் முடிகிறதே, அங்கே. ஆன்ட்டி நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர். ஜமைக்காவின் செயின்ட் எலிசபெத் மாவட்டத்துக்காரர். 1971-ல் இங்கே வந்து முப்பது வருடம் முதியோர் இல்லங்களில் வேலை பார்த்தவர். எங்கள் தெருவில் பாதிப் பேர் ஜமைக்காக்காரர்கள். கடிதம், விண்ணப்பம் என்றால் என்னிடம் வருவார்கள். என் அப்பா திருநெல்வேலியில் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதியவர். அந்தப் பழக்கம் எனக்கும் கொஞ்சம் உண்டு.

முதலில், கேட்பது என்ன என்று தெளிவாக இருங்கள். இது சட்டம் இல்லை. மசோதா என்றால் இரண்டு அவைகளும் நிறைவேற்ற வேண்டும், ஆளுநர் கையெழுத்து வேண்டும். பாராட்டுத் தீர்மானத்துக்கு அதெல்லாம் கிடையாது. ஓர் உறுப்பினர் முன்மொழிவார், அவை குரல் வாக்கெடுப்பில் ஏற்கும், அவ்வளவுதான். இதனால் விடுமுறையோ பணமோ கிடைக்காது. ஆனால் ஒரு மாநிலத்தின் அவை தன் வேலையை நிறுத்தி ஓர் இனத்தின் பெயரை உரக்கப் படித்து, அது அவைப் பதிவில் ஏறுகிறது. இரவு ஷிஃப்டுகளிலேயே வாழ்க்கையைக் கழித்தவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

காலண்டர்தான் எல்லாம். நியூயார்க் சட்டமன்றம் ஜனவரி முதல் ஜூன் தொடக்கம் வரை கூடும். பெரும்பாலும் திங்கள், செவ்வாய், புதன். ஏப்ரல் 1-ல் நிதியாண்டு தொடங்குவதால் மார்ச் கடைசியில் பட்ஜெட்டைத் தவிர யாருக்கும் வேறு நினைப்பு இருக்காது. கடைசி இரண்டு வாரங்களில் மசோதாக்கள் குவிந்துகிடக்கும். ஆகவே ஏப்ரல் பிற்பகுதி முதல் மே நடுப்பகுதி வரை ஒரு நாளைக் குறிவைத்து, ஜனவரியிலேயே கேளுங்கள். வருகிற ஆகஸ்ட் 6-ஐ முன்கூட்டியே போற்றுவதாகத் தீர்மானத்தில் எழுதிக்கொள்ளலாம். அதில் தவறில்லை.

யாரிடம் கேட்பது? மேலவையான செனட்டில் 63 பேர், கீழவையான அசெம்பிளியில் 150 பேர். உங்கள் முகவரிக்கு இரண்டிலும் ஒவ்வொருவர் உண்டு. இரண்டு அவைகளும் தனித்தனியாகத் தீர்மானம் போடும், அதனால் இருவரிடமும் கேளுங்கள். தீர்மான எண் செனட்டில் ஜே என்ற எழுத்திலும் அசெம்பிளியில் கே என்ற எழுத்திலும் தொடங்கும். முந்தைய வருடத் தீர்மானங்களைத் தேடி எடுத்துப் படிக்க இது உதவும். ஆல்பனிக்குப் போன் செய்வதைவிட உள்ளூர் தொகுதி அலுவலகத்துக்கு நேரில் போவது நல்லது. அந்தத் தொகுதியில் ஓட்டு உள்ள மூன்று பேர் சேர்ந்து போங்கள். நான் ஓட்டில்லாதவள், அதனால் பேசியது ஆன்ட்டிதான். நான் ஃபைலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது முக்கியமான இடம், வரைவு. தீர்மானத்தை உறுப்பினர் உட்கார்ந்து எழுதமாட்டார், அலுவலக உதவியாளர் எழுதுவார். அவர் கையில் நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால் போன வருடத் தீர்மானம் அப்படியே திரும்ப வரும். கொடுத்தால், பாதிக்கு மேல் அப்படியே ஏறும். ஒவ்வொரு பத்தியும் "வேர்ஆஸ்" (இன்ன காரணத்தால்) என்று தொடங்கி ஒரு காரணத்தைச் சொல்லும். கடைசியில் "ரிசால்வ்ட்" (தீர்மானிக்கப்பட்டது) என்று தொடங்கி, ஆகவே இந்த அவை இதைப் போற்றுகிறது என்று முடியும். அப்பா மனு எழுதும்போது சொல்வார்: "காரணத்த மொதல்ல அடுக்கு, வேண்டியத கடைசில கேளு." அதே வரிசைதான் இங்கேயும்.

தேதிகளை நீங்களே சரிபார்த்துக் கொடுங்கள். எங்களுக்கு வந்த முதல் வரைவில் ஆகஸ்ட் 1 என்று இருந்தது. ஆகஸ்ட் 1 விடுதலை நாள், அது வேறு. பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1834 ஆகஸ்ட் 1-ல் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் பயிற்சிக்காலம் என்ற பெயரில் மக்களைத் தோட்டங்களிலேயே கட்டிவைத்திருந்தார்கள். முழு விடுதலை 1838 ஆகஸ்ட் 1-ல்தான். நாட்டின் சுதந்திரம் 1962 ஆகஸ்ட் 6. முந்தைய நாள் நள்ளிரவில், கிங்ஸ்டன் தேசிய அரங்கில், இளவரசி மார்கரெட் முன்னிலையில் பிரிட்டிஷ் கொடி இறங்கி கறுப்பு, பச்சை, பொன் நிறக் கொடி ஏறியது. முதல் பிரதமர் அலெக்சாண்டர் பஸ்டமான்டே. அந்த இரவில் ஆன்ட்டி வானொலிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே தூங்கிப்போய்விட்டாராம். கொடி ஏறியதை அம்மா எழுப்பிச் சொன்னாராம்.

இன்னொரு வழுக்கல்: "குடியரசானது" என்று எழுதிவிடாதீர்கள். ஆகஸ்ட் 15-ஐயும் ஜனவரி 26-ஐயும் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த வார்த்தை கையில் தானாக வந்துவிடும். ஜமைக்கா சுதந்திரத்துக்குப் பிறகும் பிரிட்டிஷ் முடியையே நாட்டுத் தலைமையாக வைத்துக்கொண்டது.

ஆனால் தீவின் வரலாறு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். இங்கே வந்தவர்களின் கதையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். பாதி இடத்தை அதற்கு வையுங்கள். எப்படி வந்தார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்: 1952-ன் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ஒவ்வொரு காலனிக்கும் வருடத்துக்கு 100 விசாதான் ஒதுக்கியது. 1965-ன் சட்டம் கதவைத் திறந்தது. செவிலியர்களும் வீட்டுப் பணியாளர்களுமாகப் பெண்கள் முதலில் வந்து, பிறகு குடும்பத்தை அழைத்துக்கொண்டார்கள். ஆன்ட்டியும் அப்படித்தான். மூன்று வயது மகனைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவர், அவனை மறுபடி பார்த்தபோது அவனுக்கு ஏழு வயது.

பெயர் தெரிந்தவர்களையும் சேருங்கள், ஆனால் உங்கள் ஊரோடு ஒட்டியவர்களாக. கிங்ஸ்டனில் பிறந்து பிராங்ஸுக்கு வந்த டிஜே கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டிடத்தில் நடத்திய விருந்தில் ஹிப்ஹாப் பிறந்ததாகக் கொண்டாடுகிறோம். எங்கள் பிராங்ஸ்தான் அது! ஜமைக்காப் பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்க வெளியுறவு அமைச்சரான காலின் பவல் வளர்ந்ததும் தெற்கு பிராங்ஸில். ஜமைக்காவில் பிறந்த யூனா கிளார்க் 1991-ல் புரூக்ளினிலிருந்து நகர சபைக்குத் தேர்வானார். இவர்களோடு நிறுத்தாதீர்கள். உங்கள் தெருவின் தேவாலயம், பாட்டி கடை, கிரிக்கெட் ஆடும் பூங்கா எல்லாம் ஒரு பத்தியில் வரட்டும். (பாட்டி என்பது உள்ளே காரமான மாட்டிறைச்சி வைத்த மஞ்சள் நிறப் பண்டம், நம் பாட்டி இல்லை.) தனி ஆள்களின் பெயரை அவர்கள் சம்மதம் இல்லாமல் போடவேண்டாம். அவைப் பதிவு என்றைக்கும் இருக்கும்.

உங்கள் அமைப்பின் பெயரில் ஒரு கடிதம், ஒரு பக்க வரைவு, தேதிகளுக்கு ஆதாரமான நகல்கள், விரும்பும் மூன்று நாள்கள் ஆகியவற்றை ஒரே உறையில் கொடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போனில் கேளுங்கள். வாரத்துக்கு ஒன்று என்றால் அவர்களுக்குத் தொல்லை, மாதத்துக்கு ஒன்று என்றால் மறந்துவிடுவார்கள். இறுதி வரைவு அச்சுக்குப் போகும் முன் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வைத்துவிடுங்கள். ஆகஸ்ட் 1 பிழை எங்கள் கண்ணில் பட்டது அதனால்தான்.

ஆல்பனி பயணத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டிலிருந்து வேனில் இரண்டரை மணி நேரம். பென் ஸ்டேஷனிலிருந்து ரயிலிலும் ஏறக்குறைய அதே நேரம்தான், ஆனால் ரயில் நிற்பது ஹட்சன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், ரென்சலரில். அங்கிருந்து டாக்ஸி வேண்டும். சட்டமன்றக் கட்டிட நுழைவாயிலில் பைச் சோதனை உண்டு. அவைகள் மூன்றாம் மாடியில். வயதானவர்கள் வந்தால் லிஃப்ட் எங்கே, உட்கார இடம் எங்கே என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எப்போது உங்கள் தீர்மானம் வரும் என்று யாரும் நிமிடக் கணக்கில் சொல்ல முடியாது. மாத்திரையும் சாப்பாடும் கையில் இருக்கட்டும்.

ஆன்ட்டி அன்று பந்தானா துணியில் பாவாடையும் தலைக்கட்டும் அணிந்து வந்தார். ஜமைக்காவின் தேசிய உடைத் துணி அது, சிவப்புக் கட்டம் போட்ட பருத்தி. எங்கேயோ பார்த்த துணியாக இருக்கிறதே என்று கேட்டேன். "மெட்ராஸ்" என்றார். நம் மெட்ராஸ் கட்டம்தான்! பிரிட்டிஷ் வியாபாரத்தில் கடல் தாண்டிப் போய் அங்கே அவர்களுடையதாகிவிட்டிருக்கிறது. வேனில் அந்தப் பாவாடை ஓரத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தோம். எழுத்தர் படித்தார். எங்கள் உறுப்பினர் எழுந்து இரண்டு நிமிடம் பேசினார். "ஆம்" என்ற குரல்கள் கேட்டன, முடிந்தது. பிறகு எங்கள் குழு வந்திருப்பதாக அறிவித்தார்கள், எழுந்து நின்றோம். ஆன்ட்டி எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமானது. கைத்தட்டல் அதுவரை நிற்கவில்லை.

கடைசியாக ஒன்று. அலங்கார எழுத்தில் அச்சிட்ட பிரதி ஒன்றோ இரண்டோதான் தருவார்கள். எத்தனை வேண்டும், யார் பெயருக்கு அனுப்ப வேண்டும் என்பதை வரைவு கொடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள். "ரிசால்வ்ட்" பத்தியில் பிரதி யாருக்குப் போகும் என்றே குறிப்பிடுவார்கள். நாங்கள் இரண்டு கேட்டோம். ஒன்று தேவாலயத்துக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இன்னொன்றை ஆன்ட்டி அட்டைக் குழாயில் சுருட்டி, செயின்ட் எலிசபெத்தில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினார். தபால் செலவு நான் கொடுக்கிறேன் என்றேன், விடவில்லை.