சிப்ரோ மாத்திரையைப் பால் டீயோடு போடாதீர்கள்

டாக்டர் சிப்ரோஃப்ளாக்சசின் (சுருக்கமாக சிப்ரோ) என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். பால் டீ 2 மணி நேரம் கழித்து. குன்னூர்க் குளிரில் கஷ்டம்தான், அதுவரை வெந்நீர் குடிக்கலாம். பாலிலுள்ள கால்சியம் குடலிலேயே மருந்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் சேரும் அளவு குறையும், காசும் வீண். இரும்புச்சத்து மாத்திரையும், அலுமினியம் அல்லது மெக்னீசியம் உள்ள நெஞ்செரிச்சல் மருந்தும் இதைவிட மோசம்: அவற்றை சிப்ரோவுக்கு 2 மணி நேரம் பின்பு, அல்லது 6 மணி நேரம் முன்பு போடுங்கள்.

இந்த மருந்தால் தோல் வெயிலில் சீக்கிரம் கருகும். 2,200 மீட்டர் உயர ஊட்டியில் குளிரை நம்பி ஏமாறாதீர்கள், தோட்டத்துக்கு முழுக்கைச் சட்டையோடு போங்கள்.

அமாக்சிசிலின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக்குக்கு இந்தப் பால் கட்டுப்பாடு கிடையாது. எந்த மாத்திரை என்று அட்டையைப் பாருங்கள்.