வெயில் காலத்துக்குக் கோடு போட்ட சட்டை

ஆபீசுக்குப் போடும் நீலக் கோடு சட்டையே ஞாயிறு மாலை பெசன்ட் நகர் பீச்சுக்கும் பொருந்தும். முதலில் துணியைப் பாருங்கள். பாலியஸ்டர் கலந்தது என்றால் மே மாத வெயிலில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். காட்டன் நல்லது, லினன் இன்னும் நல்லது. லினன் கசங்கும்தான், விடுமுறை நாளில் யார் கேட்கப் போகிறார்கள்? சீர்சக்கர் துணி கிடைத்தால் விடாதீர்கள். நெய்யும்போதே சில கோடுகள் சுருங்கி மேடாக நிற்பதால் அது உடம்போடு முழுக்க ஒட்டாது, உள்ளே காற்று புகும். இஸ்திரியும் தேவையில்லை.

டக் இன் வேண்டாம். ஆனால் சட்டை பேன்ட் ஜிப்பின் பாதி வரை வந்தால் போதும். அதற்கும் கீழே தொங்குகிறதா? தெருமுனை டெய்லரிடம் கொடுத்துக் குறைத்துவிடுங்கள். கையை முழங்கைக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி மடித்துவிடுங்கள்.

பேன்ட்டில் கோடு, கட்டம் எதுவும் கூடாது. சந்தன நிறமோ வெளுத்த ஜீன்ஸோ எடுபடும். கறுப்பு பேன்ட் போட்டால் மறுபடி ஆபீஸ் தோற்றம் வந்துவிடும். அப்புறம் காலுக்கு வெள்ளை கேன்வாஸ் ஷூ, இல்லையென்றால் தோல் செருப்பு.

வியர்வைக் கறைக்குப் பயந்தால் மெல்லிய, நெருக்கமான கோடுகளாகத் தேர்ந்தெடுங்கள். வெளிர்நீல பிளெயின் சட்டையில் போலப் பளிச்சென்று தெரியாது.