நாய் சாக்ஸை விழுங்கிவிட்டதா? முதலில் செய்ய வேண்டியவை

எங்கள் வீட்டு நாய் ஒரு காலையில் மகனின் பள்ளி சாக்ஸைக் கவ்விக்கொண்டு நின்றது. நான் கத்திக்கொண்டு ஓடினேன். பிடுங்க வருகிறார்கள் என்று புரிந்ததும் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டது. எனவே பொருள் வாயில் இருக்கும்போதே பார்த்தால் துரத்தாதீர்கள். ஒரு துண்டுக் கறியைக் காட்டுங்கள். பெரும்பாலான நாய்கள் பண்டமாற்றுக்குச் சம்மதிக்கும்.

1. மூச்சைப் பாருங்கள்
வாயைக் காலால் பிராண்டுகிறதா, மூச்சுக்குத் திணறுகிறதா, ஈறு நீலம் பாய்கிறதா? அப்படியானால் தொண்டையில் அடைத்திருக்கிறது. பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். குருட்டாம்போக்கில் விரலை விட்டால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவீர்கள். சிறிய நாயைப் பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கலாம். பெரிய நாயென்றால் பின்னால் நின்று, விலா எலும்பு முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே முஷ்டியை வைத்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் வெடுக்கென்று அழுத்துங்கள். பொருள் வந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

2. என்ன, எவ்வளவு, எப்போது
மூச்சு சீராக இருந்தால் இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு மருத்துவரை அழையுங்கள். மிச்சத் துண்டோ, ஜோடி சாக்ஸோ, பேட்டரி அட்டையோ இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

3. நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள்
உப்புத் தண்ணீர் கொடுக்கச் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரர் எல்லாத் தெருவிலும் இருக்கிறார். இரத்தத்தில் உப்பு ஏறினால் மூளை பாதிக்கும், நாய் செத்தும் போகும். ஊசி, பிளேடு போன்றவை திரும்பி வரும் வழியில் உணவுக்குழாயைக் கிழிக்கும். வாந்தி வரவைக்க மருத்துவரிடம் ஊசிமருந்து உண்டு. ஆனால் பொருள் இரைப்பையைத் தாண்டும் முன் போனால்தான் அதனால் பயன்.

4. காத்திருக்கவே கூடாதவை
பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் அரை மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரிக்கத் தொடங்கிவிடும். இரண்டு காந்தங்கள் குடல் சுவரை நடுவே வைத்து ஒட்டிக்கொண்டால் ஓட்டையே விழும். மாங்கொட்டை குடலை அடைக்கும்.

நம் வீடுகளில் யாரும் கண்டுகொள்ளாதது பூச்சரம். பூவோடு நூலும் உள்ளே போய், ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ளும். மறுமுனையைக் குடல் இழுக்க இழுக்க, நாடா இழுத்த பாவாடைபோல் குடல் சுருங்கும். நூல் அதை அறுக்கும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் நுனி தெரிந்தால் இழுக்காதீர்கள். அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

5. மருத்துவமனையில்
உலோகமும் எலும்பும் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். துணியும் பிளாஸ்டிக்கும் பல நேரம் தெரியாது. அதனால் ஸ்கேன் எடுக்கச் சொன்னால் அது வீண் செலவு இல்லை.

6. வீட்டில் வைத்துக் கவனிக்கச் சொன்னால்
ஒவ்வொரு முறையும் மலத்தைக் குச்சியால் கிளறிப் பாருங்கள். அருவருப்புதான், வேறு வழியில்லை. திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பிட மறுப்பது, மலம் கழிக்க முக்குவது, முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கியபடி நிற்பது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

எங்கள் நாய்க்கு ஊசி போட்டுப் பத்து நிமிடத்தில் சாக்ஸ் வந்தது. கூடவே, வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்த மகளின் ஹேர்பேண்டும்.